சாம்பிராணி தராத 'சாம்பிராணிச் செடி'

அமெரிக்காவின் கிழக்குப் பாதிக் காடுகளில், பெரிய மரங்களின் நிழலில் ஒதுங்கி வளரும் ஒரு புதர்ச்செடிக்குத் தாவரவியலார் வைத்திருக்கும் பெயர் லிண்டெரா பென்சாயின். பெயரின் பின்பாதி தமிழ் வீடுகளுக்குப் புதிதல்ல. வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்த கூந்தலைக் காட்டி உலர்த்த, தணலில் ஒரு சிட்டிகை தூவுகிறோமே, அந்தச் சாம்பிராணியைத்தான் மேல்நாட்டு மருந்து வணிகர்கள் பென்சாயின் என்றார்கள். அப்படியானால் அது சாம்பிராணிச் செடியா? இல்லை. பட்டையைக் கீறிவிட்டு வருடக்கணக்கில் காத்திருந்தாலும் ஒரு சொட்டு சாம்பிராணி கிடைக்காது. அது பிறந்த காட்டுக்கும் சாம்பிராணி பிறக்கும் காட்டுக்கும் நடுவே பூமி உருண்டையின் பாதி கிடக்கிறது.

அந்தப் பக்கத்து மக்கள் வாயில் அதன் பெயர் ஸ்பைஸ்புஷ். மலைநாட்டில் ஸ்பைஸ்வுட் என்பார்கள். காய்ச்சல் புதர் என்று ஒரு பெயர், காட்டு ஆல்ஸ்பைஸ் என்று ஒரு பெயர், பெஞ்சமின் புதர் என்று இன்னொன்று. கடைசிப் பெயரைக் கேட்டால் பெஞ்சமின் என்ற யாரோ கண்டுபிடித்தது போலத் தோன்றும். அப்படி எவரும் இல்லை. பென்சாயின் என்ற சொல்தான் ஆங்கிலேயர் நாக்கில் புரண்டு பெஞ்சமின் ஆகிவிட்டது.

மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புலப்படும். கடல் தாண்டி வந்தவர்கள் சூட்டிய பெயர்களில் பெரும்பாலானவை வேறு எதையோ தேடி வந்தவன், கிடைத்ததன்மேல் ஒட்டிவிட்ட சீட்டுகள். முந்நூறு ஆண்டுகளாக இந்தச் செடி எதற்காவது பதிலாள். சாம்பிராணிக்குப் பதில், ஆல்ஸ்பைசுக்குப் பதில், தேயிலைக்குப் பதில், கொய்னாவுக்குப் பதில்.

செடியை முதலில் பார்த்துவிடலாம். ஆறடியிலிருந்து பன்னிரண்டடி வரை வளரும். ஓடைக்கரை, பள்ளத்தாக்கின் அடிவாரம், இலைமக்கு கனத்துக் கிடக்கும் ஈர மண் இவையே அதற்குப் பிடித்த இடம். வடக்கே மெய்ன், ஒன்டாரியோவிலிருந்து தெற்கே ஃபுளோரிடா வரை, மேற்கே டெக்சஸ் வரை அதன் எல்லை. பனி உருகி மார்ச் முடிகிற வேளையில், மேலே ஓக்கும் மேப்பிளும் இன்னும் மொட்டைக் கிளைகளோடு நிற்க, கீழே இந்தப் புதர்களில் மட்டும் மஞ்சள் பிடிக்கும். ஒவ்வொரு பூவும் கடுகைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். ஆனால் இலை வருமுன் குச்சி நெடுக அவை கொத்துக்கொத்தாக ஒட்டிக்கொள்வதால், தூரத்திலிருந்து பார்க்கும்போது காட்டின் அடித்தளத்தில் மஞ்சள் பொடி தூவியது போல இருக்கும். மரங்கள் இலைவிட்டு வெயிலை மறைப்பதற்குள் பூத்து முடித்துவிட வேண்டிய அவசரம் அதற்கு.

ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பனைமரம் தெரிந்த நமக்கு இதில் வியப்பில்லை. பெண் புதர்களில் செப்டம்பர் வாக்கில் பளபளவென்று சிவந்த பழங்கள் பழுக்கும். நீளவாக்கில், ஒற்றைக் கொட்டையோடு, விரல்நுனி அளவு இருக்கும். இலையைக் கசக்கினாலும், குச்சியை நகத்தால் சுரண்டினாலும், பழத்தை நசுக்கினாலும் மணம்தான். எலுமிச்சைத் தோலும் மிளகும் கிராம்பும் ஒன்றாகக் கலந்தது போன்ற வாசனை. லவங்கப்பட்டை, பிரிஞ்சி இலை, வெண்ணெய்ப்பழம் எல்லாம் பிறந்த லாரேசி குடும்பத்தில் குளிருக்கு அஞ்சாத பிள்ளை இது. இலங்கையின் பட்டை மரத்துக்கு ஒருவகையில் தூரத்துப் பங்காளி.

சாம்பிராணிப் பெயர் ஒட்டிய கதைக்குச் சுமத்ராத் தீவிலிருந்து தொடங்கவேண்டும்.

அந்தத் தீவின் வடமேற்கு மலைகளில், பட்டக் மக்கள் வாழும் காடுகளில், சாம்பிராணி மரங்கள் வளர்கின்றன. பட்டையில் வெட்டுப்போட்டு, கசியும் பால் இறுகும்வரை மாதக்கணக்கில் பொறுத்து, பிறகு சுரண்டி எடுப்பார்கள். கீழே கடற்கரையில் பாருஸ் என்ற துறைமுகம். கற்பூரமும் சாம்பிராணியும் அங்கேதான் கைமாறின. அந்தச் சந்தையில் தமிழ் பேசப்பட்டதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. பாருசுக்கு அருகே லோபு துவாவில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு, 1088ஆம் ஆண்டுக்குரியது, தமிழில் பொறிக்கப்பட்டது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு அங்கே கூடி வரி விதிப்பு குறித்து எடுத்த முடிவை அது சொல்கிறது. 1932இல் நீலகண்ட சாஸ்திரி அதை வாசித்து வெளியிட்டார். நம் வணிகர்களுக்குச் சாம்பிராணி எங்கிருந்து வருகிறது என்பதில் குழப்பம் இருந்திருக்க வாய்ப்பில்லை.

குழப்பம் ஐரோப்பாவில். அரேபிய வணிகர்கள் இதை லுபான் ஜாவி, அதாவது ஜாவாக் குந்துருக்கம் என்று விற்றார்கள். அவர்களுக்குச் சுமத்ராவும் ஜாவாவும் ஒன்றே. லுபான் ஜாவி போர்த்துக்கீசிய வாயில் பெய்ஜோயிம் ஆகி, பிறகு பென்சாயின் ஆனது. பிசின் கட்டிகள் லண்டன் மருந்துக் கடைகள்வரை வந்தன. ஆனால் மரம் எப்படி இருக்கும், இலை எப்படி, பூ எப்படி என்று நிச்சயமாகச் சொல்ல ஐரோப்பியத் தாவரவியலாரிடம் நல்ல மாதிரி இல்லை. சரக்கு மட்டும் தெரியும், மரம் தெரியாது.

இந்த இடைவெளியில்தான் வர்ஜீனியாவிலிருந்து ஒரு செடி வந்து சேர்ந்தது. லண்டன் பிஷப் ஹென்றி காம்ப்டன் தோட்டப் பைத்தியம் கொண்டவர். அமெரிக்கக் குடியேற்றங்களின் திருச்சபைகள் அவர் மேற்பார்வையில் இருந்தன. அங்கே அனுப்பிய பாதிரிமார் ஞானஸ்நானக் கணக்கோடு விதையும் செடியும் அனுப்பினார்கள். அவர்களில் தேர்ந்தவர் ஜான் பானிஸ்டர். 1678இல் வர்ஜீனியா போனவர், காடு காடாக அலைந்து சேகரித்தார், 1692இல் ஒரு பயணத்தில் துப்பாக்கிக் குண்டு தவறிப் பாய்ந்து இறந்தார். ஃபுல்ஹாம் அரண்மனைத் தோட்டத்தில் காம்ப்டன் வளர்த்த வர்ஜீனியச் செடிகளில் இந்த மணக்கும் புதரும் ஒன்று. இலையைக் கசக்கினார்கள். சாம்பிராணி வாசனை போலிருந்தது. அக்காலத்தின் பெரிய தாவரவியலறிஞர் ஜான் ரே இதையே சாம்பிராணி மரமென்று நம்பினார். ஆம்ஸ்டர்டாமில் தாவரவியலார் கோம்லின் இன்னும் ஒருபடி மேலே போய், எலுமிச்சை இலை கொண்ட, பென்சாயினைச் சொரியும் வர்ஜீனிய மரம் என்று நீண்ட லத்தீன் பெயரே வைத்துவிட்டார்.

சொரிந்ததை யார் பார்த்தது? யாரும் பார்த்ததில்லை. மூக்கு சொன்ன சாட்சியைக் கொண்டு தீர்ப்பு எழுதப்பட்டது.

1753இல் லின்னேயஸ் உலகத் தாவரங்களுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டியபோது இதற்கு லாரஸ் பென்சாயின் என்று பெயரிட்டார். பின்னாளில் அவருக்கே சந்தேகம் வந்து வேறொரு மரத்தைக் கைகாட்டினார். அதுவும் தவறாகவே போயிற்று. கடைசியில் அவரது மாணவரான ஜோனாஸ் டிரையாண்டர், 1787இல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில், சுமத்ராவிலிருந்து வந்த மாதிரிகளைக் கொண்டு உண்மையான மரத்தை வருணித்து ஸ்டைராக்ஸ் பென்சாயின் என்று பெயரிட்டார். வழக்கு முடிந்தது. ஆனால் தாவரப் பெயர் விதிகளின்படி 1753இல் வைத்த பெயர் பொருந்தாவிட்டாலும் அழியாது. ஆகவே இன்று உலகில் இரண்டு பென்சாயின்கள். ஒன்று சாம்பிராணி தரும். மற்றது தராது.

முன்பாதிப் பெயரின் கதை சின்னது, ஆனாலும் விடமுடியவில்லை. லின்னேயசின் இன்னொரு மாணவரான துன்பெர்க் 1775இல் ஜப்பானுக்குப் போனார், திரும்பும் வழியில் இலங்கையிலும் தங்கித் தாவரம் சேகரித்தார். ஜப்பானில் கண்ட ஒரு மணப்புதருக்கு, யோஹான் லிண்டர் என்ற ஸ்வீடன் மருத்துவர் நினைவாக 1783இல் லிண்டெரா என்று பேரினப் பெயர் கொடுத்தார். அந்த ஜப்பானியச் செடியின் குச்சியைச் சீவித்தான் இன்றும் அங்கே தேநீர் விருந்தின் இனிப்பைக் குத்தி எடுக்கும் நேர்த்தியான குச்சிகளைச் செய்கிறார்கள். வர்ஜீனியச் செடியும் அதே பேரினம்தான் என்று 1851இல் இடம் மாற்றியவர் ப்ளூம். அவர் ஜாவாவில் பைட்டன்ஸார்க் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக இருந்தவர். ஜாவாவின் பெயரைத் தவறாகச் சுமந்துகொண்டிருந்த அமெரிக்கச் செடிக்கு ஜாவாவில் பணிபுரிந்த டச்சுக்காரர் கையால் இறுதிப் பெயர் கிடைத்தது தற்செயல்தான். ஆனால் நல்ல தற்செயல்.

இவ்வளவு பெயர்ச் சண்டை நடந்தபோது அந்தக் காட்டுக்குச் சொந்தக்காரர்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்களுக்கு இது எதற்கும் மாற்று அல்ல.

செரோக்கி மக்கள் குச்சியையும் பட்டையையும் வெந்நீரில் போட்டுப் பானமாகவும், சளிக்கும் இருமலுக்கும் கசாயமாகவும் குடித்தார்கள். க்ரீக் மக்கள் மூட்டுவலிக்குக் கொதிக்கவைத்து, குடித்தும் ஆவி பிடித்தும் வியர்வை வரவழைத்தார்கள். ராப்பஹானக் பெண்களுக்கு மாதவிலக்கு வலியில் இதன் கஷாயம் கைகொடுத்தது. வடக்கே சிப்பேவாக்கள் வேட்டை இறைச்சியின் முடைநாற்றம் போக இலையைச் சேர்த்துச் சமைத்தார்கள். இரொக்குவாக்களிடம் அம்மைக்கும் சளிக்கும் மருந்து. நம் வீட்டுச் சுக்கு, துளசி, நொச்சி மூன்றும் பார்க்கும் வேலையை அங்கே ஒரே புதர் பார்த்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடல் தாண்டி வந்தவர்கள் கண் முதலில் விழுந்தது இதன் உறவுக்கார மரத்தின்மேல். சாசஃப்ராஸ். மேகநோய்க்கு அருமருந்து என்று ஸ்பெயினின் செவில் நகர மருத்துவர் மொனார்டெஸ் எழுதிவைக்க, ஐரோப்பாவில் அதற்குப் பேய் விலை. 1602இல் பார்த்தலோமியூ காஸ்னோல்ட், 1603இல் மார்ட்டின் ப்ரிங் என்று கப்பல்கள் நியூ இங்கிலாந்துக் கரைக்கு வந்து சாசஃப்ராஸ் வேரும் பட்டையும் ஏற்றிப்போயின. ஜேம்ஸ்டவுனில் ஆங்கிலேயர் குடியேறுமுன்பே நடந்தது இது. நோய் குணமாகவில்லை, மோகம் வடிந்தது. பக்கத்திலேயே நின்ற ஸ்பைஸ்புஷ் அந்தக் கொள்ளையிலிருந்து தப்பித்தது. ஊருக்குள் பேர் வாங்காமல் இருப்பதிலும் சில நன்மைகள் உண்டு.

ஆனால் இன்னொரு வழியில் அது மாட்டிக்கொண்டது. இந்தச் செடியின் வரலாற்றில் அதிகம் பேசப்படாத, ஆனால் மிகக் கனமான பகுதி இதுதான்.

சுதந்திரம் பெற்ற அமெரிக்காவுக்குக் கடன் கழுத்துவரை இருந்தது. கையில் பணமில்லை, மேற்கே நிலம் இருந்தது. அந்த நிலத்தில் ஏற்கெனவே மக்கள் வாழ்ந்தார்கள் என்பது அரசுக்கு ஒரு தடையாகப் படவில்லை. 1785 மே மாதம் நாடாளும் மன்றம் நில ஆணை ஒன்றை இயற்றியது. ஒஹாயோ ஆற்றுக்கு வடமேற்கே உள்ள காட்டையெல்லாம் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாகவும், ஒவ்வொன்றையும் 640 ஏக்கர் கொண்ட 36 கட்டங்களாகவும் அறுத்து விற்பது திட்டம். செப்டம்பரில் நில அளவையர் தாமஸ் ஹட்சின்ஸ் ஆற்றங்கரையில் முதல் கோட்டைத் தொடங்கினார். அளவுக்கு 66 அடி நீளமும் நூறு லிங்க்குகளும் கொண்ட கண்டர் சங்கிலி. நம் ஊர்ப் பழைய நில அளவைப் புத்தகங்களில் இருக்கும் அதே சங்கிலி, அதே லிங்க் கணக்கு.

சங்கிலிக்காரர்கள் தூரத்தை மட்டும் எழுதிக்கொண்டு போகவில்லை. மண் முதல் தரமா, இரண்டாம் தரமா, என்ன மரம், கீழே என்ன புதர் என்றும் குறித்தார்கள். வாங்குபவன் கிழக்கு நகரத்தில் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு மண்ணைக் காட்ட முடியாது. செடியைச் சொல்லலாம். குறிப்பேடுகளில் கீழ்வளர்ச்சி என்ற இடத்தில் ஸ்பைஸ் என்ற ஒற்றைச் சொல் திரும்பத் திரும்ப வருகிறது. பாவ்பாவ் மரத்தோடும் கறுப்பு வால்நட்டோடும் சேர்ந்து அது வந்தால் அர்த்தம் ஒன்றுதான்: ஆழமான, ஈரமான, கறுத்த மண், மக்காச்சோளம் போட்டால் பொன்.

குடியானவர்களும் இந்தப் பாஷையை அறிந்திருந்தார்கள். கோரை கண்ட இடத்தில் தண்ணீர் உண்டு, வேலிக்கருவை கண்ட இடத்தில் மண் கெட்டது என்று நம் உழவர் சொல்வதைப் போல, ஸ்பைஸ்புஷ் அடர்ந்த பள்ளத்தில் கண்ணை மூடிக்கொண்டு நிலம் வாங்கலாம் என்பது அவர்கள் வழக்கு. நிலத்தை வாங்கினவன் செய்கிற முதல் காரியம் அந்தப் புதரை வெட்டி எரிப்பது. நல்ல மண்ணுக்கு அடையாளமாக நின்ற குற்றத்துக்காகவே செடி அழிந்தது. அதன் பயனை அறிந்திருந்தவர்களும் அதே நிலப்பசியில் தூக்கியெறியப்பட்டார்கள். 1830இல் பழங்குடி வெளியேற்றச் சட்டம். 1838இலும் அடுத்த ஆண்டிலும் செரோக்கி மக்கள் மிசிசிப்பிக்கு மேற்கே நடத்தியே கொண்டுபோகப்பட்டு, ஆயிரக்கணக்கில் வழியிலேயே மடிந்தார்கள். வட கரோலினா மலைகளில் ஒளிந்தும் ஒதுங்கியும் தப்பிய கிளையிடம் மருந்தறிவின் ஒரு பகுதி மிஞ்சியது. 1975இல் பால் ஹேமலும் மேரி சில்டோஸ்கியும் தொகுத்த செரோக்கித் தாவரங்கள் பற்றிய சிறுநூலில் ஸ்பைஸ்புஷ்ஷின் பயன்கள் பதிவாகியிருக்கின்றன.

இனிப் பதிலாள் கதைக்கு வருவோம்.

ஆல்ஸ்பைஸ் என்பது ஜமைக்காவில் விளையும் உருண்டை மசாலா. கொலம்பஸ் மிளகைத் தேடிப் போய் மேற்கிந்தியத் தீவில் இறங்கிய குழப்பத்தில் ஸ்பானியர்கள் அதற்கும் மிளகு என்றே, பிமியெண்டா என்றே, பெயர் வைத்தார்கள். மலபார்க் கரையின் மிளகுக்காகப் புறப்பட்டவன் கண்ட இடமெல்லாம் மிளகாகவே தெரிந்தது. பிறகு ஜமைக்கா ஆங்கிலேயர் கைக்குப் போனது. குடியேற்றங்களின் சமையலறைகளில் ஆல்ஸ்பைஸ் சாதாரணப் பொருளாயிற்று. 1775இல் தாய்நாட்டோடு போர் மூண்டதும் வழக்கமான வரத்து சிக்கலானது. அப்போது ஸ்பைஸ்புஷ் பழத்தை உலர்த்திப் பொடித்து அதன் இடத்தில் போட்டார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருந்துத் தாவர நூல்கள் இந்தச் செய்தியை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தெழுதின. காட்டு ஆல்ஸ்பைஸ் என்ற பெயருக்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

தேயிலைக் கதையும் இதே காலத்தது. 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் கொட்டிய பிறகு, தேயிலை குடிப்பதே தேசத் துரோகம் போல ஆனது. கிடைத்த இலையையெல்லாம் கொதிக்கவைத்துச் சுதந்திரத் தேநீர் என்று குடித்தார்கள். ராஸ்பெர்ரி இலை, சாசஃப்ராஸ் வேர், மலைச்சரிவுகளில் ஸ்பைஸ்வுட் குச்சி. நாட்டுப்பற்று நாக்கில் கொஞ்சம் கசந்திருக்கும், ஆனால் ஸ்பைஸ்வுட் கிடைத்தவனுக்கு அவ்வளவாகக் கசந்திருக்காது.

1775இல் மூண்ட போருக்கு 86 ஆண்டு கழித்து இன்னொரு போர், இம்முறை உள்நாட்டில். 1861இல் தென் மாநிலங்களின் துறைமுகங்களை வடக்கின் கப்பற்படை அடைத்தது. தேயிலை, காப்பி, மசாலா, மருந்து எல்லாம் அருகின. பெரிய இழப்பு கொய்னா. மலேரியா புழங்கும் சதுப்பு நிலங்களில் படை நடத்துகிறவர்களுக்குக் கொய்னா இல்லாவிட்டால் துப்பாக்கி இருந்து பயனில்லை. சார்ல்ஸ்டன் நகர மருத்துவர் ஃப்ரான்சிஸ் பெய்ர் போர்ச்சர் தாவரம் அறிந்தவர். அவரை மருத்துவமனைப் பணியிலிருந்து விடுவித்து, தெற்கின் காட்டிலும் வயலிலும் உள்ள செடிகளில் எதை எதற்குப் பதிலாகப் பயன்படுத்தலாம் என்று எழுதச் சொன்னது தென் அரசின் மருத்துவத் துறை. 1863இல் நூல் வெளிவந்தது. அறுநூறு பக்கம், முழுக்க முழுக்க மாற்றுப் பொருள்களின் அகராதி. அதில் ஸ்பைஸ்புஷ்ஷுக்கும் இடமுண்டு. காய்ச்சல் புதர் என்ற பழம் பெயரே அதற்குச் சிபாரிசு. ஆற்றோரக் குடியிருப்புகளில் விட்டுவிட்டு வரும் குளிர்காய்ச்சலுக்குப் பட்டைக் கசாயம் தலைமுறைகளாக வழக்கத்தில் இருந்தது. வியர்வை வரவழைக்கும், உடம்பு தேறியது போல இருக்கும். ஆனால் மலேரியாக் கிருமியைக் கொல்லும் சக்தி கொய்னா எடுக்கும் சின்கோனாப் பட்டைக்கு உண்டு, இதற்கு இல்லை. அந்த இடத்தில் மட்டும் பதிலாள் வேடம் பொருந்தவில்லை.

போர் முடிந்து கப்பல்கள் திரும்பின. நகரத்துச் சமையலறைகள் ஜமைக்காச் சரக்குக்கும் சீனத் தேயிலைக்கும் திரும்பிவிட்டன. அப்பலாச்சிய மலை மக்கள் மட்டும் விடவில்லை. அவர்களுக்குக் கடை தூரம், காசு அபூர்வம். பனிக்காலம் முழுக்க உப்புப் பன்றிக்கறியும் சோளரொட்டியும் தின்று கனத்த உடம்புக்கு, வசந்தம் வந்ததும் ரத்தத்தை இளக்கவேண்டும் என்று ஒரு நம்பிக்கை. சாறு ஏறும் பருவத்துக் குச்சிகளை ஒடித்து, கட்டாகக் கட்டிக் கெட்டிலில் போட்டுக் கொதிக்கவிட்டு, தேனோ சோளப்பாகோ கலந்து குடித்தார்கள். சித்திரை பிறந்தால் வேப்பம்பூ தேடுகிற நமக்கு இந்த நம்பிக்கையின் தர்க்கம் தனியாக விளக்கவேண்டியதில்லை.

இறைச்சிச் சட்டியிலும் இதற்கு வேலை இருந்தது. கிரவுண்ட்ஹாக் என்பது அணில் குடும்பத்து வளைப்பிராணி, முயலைவிடப் பருத்தது, கறியில் கவிச்சி தூக்கலாக இருக்கும். ஒப்போசமும் அப்படியே. இவற்றை முதல் கொதியில் ஸ்பைஸ்வுட் குச்சிகளோடு வேகவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகுதான் வறுப்பார்கள். ஜார்ஜியாவின் ராபன் கேப்பில் 1966இல் பள்ளி மாணவர்கள் தங்கள் தாத்தா பாட்டிகளிடம் பேட்டியெடுத்து ஃபாக்ஸ்ஃபயர் என்ற பத்திரிகை தொடங்கினார்கள். மலைநாட்டு வாழ்க்கையின் இதுபோன்ற கைவழக்கங்கள் அச்சேறியதற்கு அந்தப் பிள்ளைகளுக்கு நாம் நன்றி சொல்லவேண்டும். பல்கலைக்கழகங்கள் அதுவரை கிழவிகளின் சட்டிக்குள் அதிகம் எட்டிப்பார்த்ததில்லை.

வரைபடத்திலும் செடி தங்கிவிட்டது. டெக்சசில் ஆஸ்டின் நகருக்கு மேற்கே ஸ்பைஸ்வுட் என்று ஓர் ஊர், ஓடைக்கரையில் மண்டிய புதரால் வந்த பெயர். இண்டியானாவில் ஸ்பைஸ் வேலி. ஆலங்குடி, வேப்பேரி, நாவலூர் என்று மரத்தின் பெயரில் ஊர் வைத்த மக்களுக்கு இது தெரிந்த வழக்கம்தான்.

மனிதர்கள் மறந்த பிறகும் அதை விடாமல் தேடிவருகிற வாடிக்கையாளர்கள் உண்டு. கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போலத் தோன்றும் புழுவைப் பார்த்திருப்போம். வளர்ந்ததும் பச்சையாகி, பிறகு கறுப்பு வால்பட்டாம்பூச்சி ஆகும். அதே பேரினத்து அமெரிக்கப் பட்டாம்பூச்சி ஒன்று ஸ்பைஸ்புஷ்ஷிலும் சாசஃப்ராசிலும் முட்டையிடுகிறது. அதன் புழுவும் முதலில் எச்சம் போலத்தான் இருக்கும். வளர்ந்தபின் தலைப்பக்கம் இரண்டு பெரிய பொய்க்கண்களை விரித்துக்கொண்டு, சின்னப் பச்சைப்பாம்பு போலக் காட்சியளிக்கும். பகலில் இலையைப் பட்டுநூலால் மடித்து அதற்குள் படுத்துக்கொள்ளும். லின்னேயஸ் 1758இல் இதற்கு ட்ரோய் இளவரசன் ட்ராய்லஸ் பெயரை வைத்தார். இங்கே அவர் தவறவில்லை, பட்டாம்பூச்சிக்கு இளவரசன் பெயர் பொருந்தும். மிசிசிப்பி மாநிலம் இதையே தன் பட்டாம்பூச்சியாக அறிவித்திருக்கிறது.

பழங்கள் பறவைகளுக்கு. மற்றப் பல காட்டுப் பழங்களில் சர்க்கரை அதிகம், இதில் கொழுப்பு அதிகம். மத்திய அமெரிக்காவரை பறக்கவேண்டிய வுட் த்ரஷ் போன்ற குருவிகளுக்கு இலையுதிர்காலத்தில் இது வழிச்சோறு.

இந்தக் கொழுப்பில்தான் செடியின் வணிக வரலாறும் அடங்கியிருக்கிறது. மிளகும் பட்டையும் கிராம்பும் காய்ந்து சுருங்கி, மூட்டையில் ஏறி, ஆறு மாதக் கடற்பயணத்தைத் தாங்கி, மணம் குன்றாமல் கரைசேர்ந்தன. பேரரசுகள் அவற்றின்மேல் எழுந்தன, விழுந்தன. ஸ்பைஸ்புஷ் பழத்தின் எண்ணெய்க் கொழுப்போ நாளாக ஆகச் சிக்குப்பிடித்துவிடும். வீட்டு அலமாரிக்குச் சரி, சரக்குக் கப்பலுக்குச் சரிப்படாது. மணத்தில் அது தோற்கவில்லை. பயணத்தில் தோற்றது. அதனால்தான் அதன்மேல் யாரும் கோட்டை கட்டவில்லை, அதற்காக யாரும் அடிமைப்படவுமில்லை.

இன்றைய காட்டில் அதன் நிலை கலவையானது. கிழக்கு மாநிலங்களில் மான்கள் பெருகி, இளங்கன்றுகளையெல்லாம் மேய்ந்துவிடுகின்றன. ஸ்பைஸ்புஷ்ஷின் காரமணம் மானுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. எனவே மற்றவை குறைந்த இடத்தில் இது அடர்ந்து நிற்கிறது. சொந்த மண்ணின் செடிகளையே வளர்ப்போம் என்ற தோட்டக்காரர்களின் இயக்கமும் இதற்குக் கைகொடுத்திருக்கிறது. ஆனால் நாற்றங்காலில் ஆண் எது பெண் எது என்று பார்த்து விற்பது அரிது. ஒரே ஒரு செடியை நட்டுவிட்டுச் சிவப்புப் பழத்துக்காக வருடக்கணக்கில் காத்திருப்பவர்கள் நிறையப் பேர்.

இன்னொரு பக்கம் ஒரு பூச்சி. 2002இல் ஜார்ஜியாவின் சவானா துறைமுகத்தை ஒட்டிய போர்ட் வென்ட்வொர்த்தில், கடுகளவே இருக்கும் ஒரு வண்டு பொறியில் சிக்கியது. இந்தியா, மியான்மர், தைவான், ஜப்பான் காடுகளில் லாரேசி மரங்களில் துளைபோட்டு வாழ்வது அது. சரக்குப் பெட்டிகளின் கட்டைகளில் ஒளிந்து வந்திருக்கவேண்டும் என்று கருதுகிறார்கள். வண்டு தன்னோடு ஒரு பூஞ்சையைச் சுமக்கிறது. ஆசிய மரங்கள் அதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. அமெரிக்க உறவினர்களுக்கு அந்தப் பழக்கம் இல்லை, நீர் ஏறும் குழாய்கள் அடைத்து வாரக்கணக்கில் வாடிச் சாகின்றன. ரெட்பே என்ற கடலோர மரம் மட்டும் முப்பது கோடிக்கு மேல் மடிந்திருக்கும் என்பது ஆய்வாளர் கணிப்பு. ஃபுளோரிடாவின் வெண்ணெய்ப்பழத் தோப்புகளும் சாசஃப்ராசும் பாதிக்கப்பட்டன. ஸ்பைஸ்புஷ்ஷிலும் நோய் உறுதியாகியிருக்கிறது. அது மெல்லிய தண்டுள்ள புதராக இருப்பதால், தடித்த மரத்தையே விரும்பும் வண்டு அதை அடிக்கடி நாடுவதில்லை என்பது இப்போதைக்கு ஓர் ஆறுதல்.

இதற்கிடையே அப்பலாச்சியாவில் காட்டுணவு தேடுவோரும் சில சமையற்காரர்களும் பழத்தை மீண்டும் எடுத்திருக்கிறார்கள். ஆப்பிள் பணியாரத்தில் அரைத்துப் போடுகிறார்கள், ஐஸ்கிரீமில் சேர்க்கிறார்கள், சிக்குப்பிடிக்காமலிருக்க உறைபெட்டியில் வைக்கிறார்கள். பாவ்பாவ் பழத்துக்குப் பேர்போன தென்கிழக்கு ஒஹாயோவிலிருந்து உலர்ந்த பழங்கள் சிறு பொட்டலங்களில் விற்பனைக்கு வருகின்றன. அதே ஒஹாயோவில்தான் 1785 முதல் ஹட்சின்சின் சங்கிலிக்காரர்கள் புதரைப் பார்த்து மண்ணை எழுதிக்கொண்டு போனார்கள். பொட்டலத்தின்மேல் இப்போது அச்சிட்டிருக்கும் பெயர்: அப்பலாச்சிய ஆல்ஸ்பைஸ்.